கண்காட்சி ஸ்டாலில் யாரை நிறுத்துவது?

கேள்வி, மே 6

"எங்களுடையது சிறிய பம்பு நிறுவனம். ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் வேளாண் கண்காட்சிக்கு முதன்முறையாக ஸ்டால் எடுத்திருக்கிறோம், 3 மீட்டருக்கு 3 மீட்டர். ஏஜென்சி மூலம் நான்கு பேரை எடுத்து நிறுத்திவிடலாம் என்கிறார் என் பங்குதாரர். நல்ல பேச்சும் தோற்றமும் இருந்தால் போதும், மற்றதைக் கேட்லாக் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். சரிதானா?"

மே 6, இரவு

சரியில்லை. முதலில் நான்கு பேர் என்ற எண்ணிக்கையே தவறு. ஒன்பது சதுர மீட்டர் என்றால் 97 சதுர அடி. பம்பு ஸ்டாண்டு, மேசை, பேனல் போர்டு எல்லாம் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சமிருக்கும் அறுபத்தைந்து சதுர அடியில் நம் ஆட்கள் நான்கு பேர் சட்டையில் முத்திரையோடு நின்றால் அது ஸ்டால் அல்ல, சுவர். வருகிறவர் கால் வைக்க இடம் தேடமாட்டார், அடுத்த ஸ்டாலுக்குப் போவார். அடுத்ததும் பம்பு ஸ்டாலாகத்தான் இருக்கும். இது கோயம்புத்தூர்.

ஒரு நேரத்தில் இரண்டு பேர் போதும். மூன்றாமவர் வெளியே ஓய்வில் இருக்கட்டும்.

கேட்லாக்கை நம்பாதீர்கள். விவசாயி வந்ததும் விலையைக் கேட்பதில்லை. "போர்வெல் 900 அடி, ஒன்றரை இஞ்ச் தண்ணீர், என்ன பம்பு போடலாம்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பத்தான் முடியும்.

மே 9

மூன்று நாள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, "ஏஜென்சி ஆட்களை இப்படி மட்டம் தட்டலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மட்டம் தட்டவில்லை. நாங்களும் பம்பு செய்கிறவர்கள்தான். கண்காட்சியில் எங்கள் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், குற்றம் யாருடையது என்று நீங்களே பாருங்கள்.

கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களை ஏஜென்சி அனுப்பியது. நேரத்துக்கு வந்தார்கள், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. முதல் நாள் காலையில் கதவு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்புதான் பம்பின் பெயர்களை அவர்களிடம் ஒப்பித்தேன். அன்று பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார். நான் அப்போது வேறு ஒரு டீலரைப் பார்க்கப் போயிருந்தேன். மாலையில் என்கொயரி நோட்டைப் புரட்டினால், "ஒன்றரை இஞ்ச் பைப் வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. நாங்கள் பைப் செய்வதே இல்லை. அவர் சொன்னது பைப் அல்ல, தண்ணீர். தன் போரில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அப்படியொரு அளவு இருப்பதே தெரியாது. அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. எழுதியிருந்த தொலைபேசி எண்ணில் ஒன்பது இலக்கங்கள்தான் இருந்தன. அந்தப் பெரியவரை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, ஏஜென்சி ஆட்கள் கூடாது என்பதல்ல. பத்து நிமிடத் தயாரிப்போடு யாரையும் நிறுத்தக் கூடாது, சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

மே 9, பிற்பகல்

"இஞ்ச் தண்ணீர்" என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போர் போட்டதும் வெளியே வரும் தண்ணீரை வாய்க்காலில் திருப்பிவிட்டு, குறுக்கே 'வி' வடிவ வெட்டுள்ள ஒரு தகட்டை நிறுத்துவார்கள். அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை இஞ்ச் உயரத்துக்கு வழிகிறதோ அதுதான் கணக்கு. தகடே இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்களும் உண்டு.

இதில் ஸ்டாலில் நிற்பவர் அறியவேண்டியது ஒன்று. இரண்டு இஞ்ச் என்பது ஒரு இஞ்சைப் போல இரண்டு மடங்கு அல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல். தொண்ணூறு பாகை வெட்டு என்றால் ஒரு இஞ்சுக்கு நிமிடத்துக்கு எட்டு ஒன்பது லிட்டர், இரண்டு இஞ்சுக்கு ஏறக்குறைய 48 லிட்டர். இது தெரியாதவர் பெரிய பம்பைத் தலையில் கட்டிவிடுவார். போர் வற்றி பம்பு வெறுமனே ஓடி எரியும். பிறகு அந்த விவசாயி நம் பெயரை ஊரெல்லாம் சொல்வார்.

மே 17

இரண்டாம் வருடம் பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்து, எங்களிடம் இருந்ததிலேயே திறமையான விற்பனைப் பிரதிநிதியை நிறுத்தினேன். பம்பும் தெரியும், பேச்சும் உண்டு. அதுவும் சரிப்பட்டு வரவில்லை, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அவர் வருடம் முழுவதும் டீலர் கடைகளில் பேசிப் பழகியவர். கண்காட்சிக்கு அந்த டீலர்கள் எல்லாரும் வந்தார்கள். "வாருங்கள் அண்ணா" என்று நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, பழைய பாக்கி, புதிய தள்ளுபடி என்று பேசத் தொடங்கினார். முதுகு நடைபாதைப் பக்கம். அந்த முதுகுக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் எங்கள் திறந்தவெளிக் கிணற்று மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதை எதிர்ப்பக்கத்திலிருந்து நானே பார்த்தேன். நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டார்கள்.

டீலரிடம் பேசுவது வேறு தொழில், புது ஆளிடம் பேசுவது வேறு தொழில். முன்னதில் தேர்ந்தவருக்குப் பின்னது தானாக வந்துவிடாது. இப்போதெல்லாம் டீலர்களைக் கண்காட்சிக்கு முந்தைய நாளே தொழிற்சாலைக்கு அழைத்து, சாப்பாடு போட்டு, பேச வேண்டியதைப் பேசி முடித்துவிடுகிறோம்.

மே 21

மூன்றாம் வருடக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எங்கள் பட்டறையில், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். போருக்குள் மூழ்கி ஓடும் எங்கள் சப்மெர்சிபிள் மோட்டாருக்குள் தண்ணீர் நிரம்பியிருக்கும். அதனால் அதன் செம்புக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். அந்தக் கம்பியை ஸ்டேட்டரின், அதாவது மோட்டாரில் சுழலாத வெளிப்பகுதியின், ஒவ்வொரு காடி வழியாகவும் கையால் இழுத்துக் கோக்க வேண்டும். உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் மோட்டார் போச்சு. அந்த அக்கா கோத்த மோட்டார் திரும்பி வந்து நான் பார்த்தது மிகக் குறைவு.

கண்காட்சிக்காகப் பாதி வெட்டிய ஒரு ஸ்டேட்டரை வைக்க நினைத்தோம். அதை ஏன் சும்மா வைக்க வேண்டும், அக்காவே உட்கார்ந்து கம்பி கோக்கட்டும் என்று என் கூடப்பிறந்த அக்காவின் மகள் சொன்னாள். அப்படியே செய்தோம்.

காலை பத்தரைக்கெல்லாம் ஸ்டாலைச் சுற்றி ஆள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. தலை நிமிரவே இல்லை. இடது கை கம்பியைத் தள்ளும், வலது கை அந்தப் பக்கம் வாங்கி இழுக்கும், உதடு மட்டும் சுற்றுகளை எண்ணும். விவசாயிகள் அமைதியாக நின்று பார்த்தார்கள். ஒருவர் வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார்: "காப்பரா, அலுமினியமா?" அக்கா பதில் சொல்லவில்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, பிளேடால் உறையைச் சீவி, கம்பியையும் ஒரு சுரண்டு சுரண்டி அவர் உள்ளங்கையில் வைத்தார். உள்வரை சிவந்திருந்தது. அவர் அதைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார், அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். அந்தக் கம்பித் துண்டு திரும்பி வரவில்லை. அன்று முழுவதும் துண்டுகள் வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

பெண்களும் நின்று கேட்டார்கள். ஈரோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர், "எங்கள் வீட்டில் மோட்டாரைப் போட்டு நிறுத்துவது நான்தான் அம்மணி, ஸ்டார்ட்டர் ஏன் அடிக்கடி தானாக ஆஃப் ஆகிறது?" என்று அக்காவிடம்தான் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

மே 22

நேற்று எழுதியதில் அரைக்கதைதான் இருந்தது. மீதியையும் எழுதுகிறேன், இல்லையென்றால் வைண்டிங் ஆளை உட்கார வைத்தால் போதும் என்று யாராவது நினைத்துவிடுவீர்கள்.

மதியம் நான் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் ஒருவர் அக்காவிடம் 7.5 எச்.பி. மோட்டாரின் விலையைக் கேட்டிருக்கிறார். அக்காவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லலாமா, சொன்னால் முதலாளிக்குக் குறைவா என்றும் தெரியாது. பேசாமல் குனிந்துவிட்டார். வந்தவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "விலையைச் சொல்லவே கணக்குப் பார்க்கிறீர்களா?" என்று கோபமாகப் போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது. பதினான்கு வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

தெரியாததை எப்படிச் சொல்வது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். "இது என் வேலை இல்லை, தெரிந்தவரை அழைக்கிறேன், ஒரு நிமிடம் உட்காருங்கள்." இந்த ஒரு வாக்கியம் அந்த அக்காவிடம் இருந்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை.

மே 22, இரவு

சர்வீஸ் மெக்கானிக்கை நிறுத்தலாமே என்று கேட்டவருக்கு: நிறுத்தலாம், நாங்களும் நிறுத்துகிறோம். ஆனால் தனியாக அல்ல. எங்கள் மெக்கானிக் ஒரே ஆளிடம் நாற்பது நிமிடம் பேசினார். பேசியதில் ஒரு வார்த்தை வீண் இல்லை. அந்த நாற்பது நிமிடத்தில் எத்தனை பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எண்ணாமல் விட்டதே நல்லது.

ஜூன் 2

தயாரிப்பு எப்படி என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். பேசுவதற்குப் பயிற்சி கொடுக்காதீர்கள், கேட்பதற்குக் கொடுங்கள். எங்கள் ஆட்கள் மனப்பாடம் செய்வது ஐந்தே கேள்விகள். போர் எத்தனை இஞ்ச் அகலம்? தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? எத்தனை இஞ்ச் தண்ணீர்? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? தண்ணீர் எங்கே போக வேண்டும், தொட்டிக்கா, வாய்க்காலுக்கா, சொட்டுநீருக்கா?

இதில் இரண்டாவது கேள்வியில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். "ஆயிரம் அடி" என்பார் விவசாயி. அது போரின் ஆழம். பம்புக்கு வேண்டியது மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டம். போர் ஆயிரம் அடி இருந்து, ஓடும்போது தண்ணீர் அறுநூறு அடியில் நின்றால், பம்பு தூக்க வேண்டியது அறுநூறு அடியும், அதற்கு மேல் தொட்டியின் உயரமும், பைப்பில் உராய்ந்து போவதும்தான். ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டால் தேவையில்லாத ஸ்டேஜ்களுக்கு, அதாவது தண்ணீரை மேலே தள்ளும் அடுக்குகளுக்கு, அவரைப் பணம் கட்ட வைக்கிறோம். அப்படி விற்பது எனக்குச் சம்மதமில்லை.

பயிற்சி சனிக்கிழமை பிற்பகல்களில், பட்டறையிலேயே. தரையில் சாக்பீஸால் மூன்று மீட்டர் கட்டம் போட்டு, மேசையும் பம்பும் வைத்துவிடுவோம். விவசாயியாக நடிப்பது என் அம்மா. அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், நடிப்பே தேவையில்லை. முதல் வாரம் எல்லாரும் எளிதாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் அம்மா கட்டத்துக்குள் வந்ததும், "போன வருடம் உங்கள் மோட்டார்தான் வாங்கினேன். ஆறு மாதத்தில் எரிந்துவிட்டது. என் வாழை காய்ந்தது. அதற்கு யார் பதில் சொல்வது?" என்று உரத்த குரலில் கேட்டார். பட்டறையே நின்றுவிட்டது. மெக்கானிக் தம்பி, "வோல்டேஜ் குறைவாக இருந்திருக்கும் அம்மா" என்றார். "அப்போது தப்பு என்னுடையதா?" என்றார் அம்மா. அதற்கு மேல் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அன்று மாலை முழுவதும் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தோம். காரணம் சொல்லாதே. முதலில் உட்கார வை. மோட்டார் எண்ணைக் கேள், ஊரைக் கேள், எப்போது இறக்கியது என்று கேள். எந்தத் தேதியில் ஆள் வரும் என்று சொல். சொன்ன தேதியை அவர் கண் முன்னாலேயே எழுது. காரணத்தை மோட்டாரைப் பிரித்துப் பார்த்த பிறகு சொல்லலாம்.

ஜூன் 5

நாற்காலி பற்றி. நாற்காலி இருந்தால் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள், எடுத்துவிடுங்கள் என்று ஒரு வருடம் முன்பு இங்கேயே எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்து, அரங்கம் அரங்கமாக நடந்து, நம்மிடம் வந்து சேரும்போது அவருக்கு வேண்டியது பம்பு அல்ல, ஒரு ஸ்டூல். உட்கார்ந்தவர் பேசுவார்.

நம் ஆட்களுக்கும் அதே. துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். கான்கிரீட் தரையின் மேல் விரித்த மெல்லிய கம்பளத்தில் ஒன்பது மணி நேரம் நிற்கச் சொல்லிவிட்டு, முகத்தில் களை இல்லை என்று குறை சொல்வது நியாயமா? மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள். புதுச் செருப்பு, புது ஷூ அன்று வேண்டாம்.

ஜூன் 14

மானியம். பி.எம்.-குசும் திட்டத்தில் சூரிய சக்தி பம்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு நாளைக்கு ஐம்பது பேர் கேட்பார்கள். நம் ஆள் நினைவிலிருந்து ஒரு சதவிகிதத்தைச் சொல்லக் கூடாது. விவசாயி அந்த எண்ணை நம்பி வீட்டில் முடிவெடுத்துவிடுவார். தமிழ்நாட்டில் அதை நடத்துவது வேளாண் பொறியியல் துறை. உங்கள் வட்டாரத்து அலுவலகத்தில் கேளுங்கள் என்று சொல்வதுதான் நேர்மை.

மொழி. வாளையாறு தாண்டினால் பாலக்காடு. மலையாளத்தில் பேசுகிறவர் ஒருவராவது இருக்க வேண்டும். எங்கள் பேக்கிங் பிரிவில் இருக்கும் பையன் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன் என்பதே எங்களுக்கு மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. உங்கள் பட்டறையிலும் யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 15

"பட்டறைப் பெண்களைக் கண்காட்சிக்கு அனுப்ப வீட்டில் ஒப்புக்கொள்வார்களா?" என்று கேட்கிறார் ஒருவர். எங்கள் அக்காவின் வீட்டில் நான் கேட்கவில்லை. அக்காவிடம் கேட்டேன். மூன்று நிபந்தனைகள் சொன்னார். இரவு வீட்டு வாசல் வரை எங்கள் வேன் வரவேண்டும். முத்திரை போட்ட டி-ஷர்ட் போடமாட்டார், பருத்திச் சேலைதான், வேண்டுமானால் பேட்ஜ் குத்திக்கொள்வார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், சர்க்கரை இருக்கிறது. மூன்றும் நியாயம். மூன்றாவதை நானே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கூலி விஷயம்: கண்காட்சி நாளுக்கு இரட்டைச் சம்பளம், முடிந்ததும் இரண்டு நாள் விடுப்பு. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து நிற்கிறார்கள். இதில் கணக்குப் பார்க்கிறவர் ஸ்டால் எடுக்காமல் இருக்கலாம்.

ஜூலை 3

இந்த வருட ஏற்பாடு. முன்னால் நிற்பது என் அக்கா மகள், எம்.காம். முடித்தவள். அவள் பம்பை விற்கமாட்டாள். ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலை ஓர் அட்டையில் எழுதி, அட்டையை மெக்கானிக்கிடம் கொடுப்பாள். வந்தவர் சொன்னதையே இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. எண்ணை எழுதியதும் அங்கேயே ஒரு அழைப்பு விட்டுப் பார்ப்பாள். பல்லடத்துப் பெரியவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. வலது ஓரத்தில் வைண்டிங் அக்கா. அவர் பக்கத்தில் பெரிய எழுத்தில் விலை அட்டை. கேள்வி வந்தால் அவர் கை நீட்டிக் காட்டினால் போதும்.

மெக்கானிக்கின் நாற்பது நிமிடத்துக்கு ஒரு வழி செய்தோம். பத்து நிமிடம் தாண்டினால் அக்கா மகள் அவர் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைப்பாள். அதற்கு அர்த்தம், இன்னொருவர் காத்திருக்கிறார். வந்தவரை விரட்டுவதில்லை. "இதை விரிவாகப் பேச வேண்டும், உங்கள் தோட்டத்துக்கே வருகிறேன்" என்று தேதி வாங்கிக்கொள்வார்.

ஜூலை 25

முடிந்தது. கேள்வி கேட்டவரும் ஸ்டால் போட்டிருந்தார், நேரில் பார்த்தேன். ஏஜென்சியிலிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுத்து, இரண்டு வாரம் தன் பட்டறையில் வைத்துப் பழக்கியிருக்கிறார். அந்தப் பெண் ஒரு விவசாயியிடம், "ஆயிரம் அடி போரின் ஆழமா அய்யா, தண்ணீர் நிற்கும் மட்டமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அங்கேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன்.

எங்களிடம் சேர்ந்தவை 212 அட்டைகள். போன வருடத்தைவிடக் குறைவு. போன வருடம் நோட்டில் பெயர் எழுதியவர்களில் பாதிப்பேர் பை வாங்க வந்த மாணவர்கள். இந்த வருட அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு போர் இருக்கிறது.

தண்ணீர் பாட்டில் முதல் நாள் பலிக்கவில்லை. மெக்கானிக் அதைக் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். இரண்டாம் நாளிலிருந்து பாட்டிலுக்குப் பதில் அடுத்தவரின் அட்டையையே வைத்தோம். அது வேலை செய்தது.

அக்காவிடம் ஒரு விவசாயி விலை கேட்டார். அவர் அட்டையைக் காட்டவில்லை. விலையைத் தானே சொன்னார், என்ன கம்பி, எத்தனை சுற்று, ஏன் அந்த விலை என்றும் சொன்னார். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தேன், நடுவில் போகவில்லை.

ஒன்றில் தவறிவிட்டேன். கண்காட்சிக்குப் பிறகு அழைப்பது யார் என்று முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. எல்லாரும் விடுப்பில் போனதில் நான்கு நாள் வீணாகிவிட்டது. இன்று காலைதான் தொடங்கினோம். அட்டையை எழுதியவளே அழைக்கிறாள், குரல் தெரிந்த குரலாக இருக்கட்டும் என்று. மாலை வரை முப்பத்தொன்று முடிந்திருக்கிறது. மோட்டார் எரிந்ததாகச் சொன்ன ஏழு பேரின் அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். மெக்கானிக் நாளை காலை ஆறு மணிக்கு உடுமலைக்குக் கிளம்புகிறார்.